மோரிஸ் மைனர் எஞ்சினைக் குறைந்த செலவில் கட்டுவது: முதலில் அளவு, பிறகு பணம்

கேள்வி இது. 1967 மோரிஸ் மைனர் 1000, 1098 சிசி எஞ்சின். காலையில் கிளப்பும்போது நீலப் புகை, வண்டி நன்றாகச் சூடானபின் ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினை முழுதாகக் கட்டித் தரக் கேட்கும் தொகை கைக்கு எட்டவில்லை. கையில் இருப்பது நாலாயிரம் சிங்கப்பூர் வெள்ளி. பிரிப்பதையும் பூட்டுவதையும் நாமே செய்தால் முடியுமா?

முடியும். ஆனால் அளக்காமல் ஒரு பாகம்கூட வாங்காதீர்கள். குறைந்த பணத்தில் எஞ்சின் கட்டப் புறப்பட்டவர்கள் பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணம், முதல் வாரமே இங்கிலாந்திலிருந்து பிஸ்டன் செட், பேரிங் செட் எல்லாம் வரவழைத்துவிட்டு, பிறகு பிளாக்கைத் திறந்து அளவு வேறு என்று கண்டுபிடிப்பதுதான். திருப்பி அனுப்பத் தபால் செலவு உங்களுடையது. கட்டிய 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் லேசில் திரும்பாது.

எஞ்சினை இறக்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை சோதனைக்கு ஒதுக்குங்கள். நீலப் புகை எப்போது வருகிறது என்று பாருங்கள். காலையில் கிளப்பும்போதும், சரிவில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் மட்டும் வந்தால் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்திருக்கிறது. மேட்டில் அழுத்தி ஓட்டும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உட்சுவரான போரும் தேய்ந்திருக்கின்றன. அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கையும் கழற்றிவிட வேண்டும், த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜ் ஏறி நிற்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. 2-வதும் 3-வதும் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அந்த இரண்டும் நடு எக்ஸாஸ்ட் போர்ட் ஒன்றையே பங்கிட்டுக்கொள்வதால் இந்த எஞ்சினில் அதிகச் சூடு தாங்கும் இடம் அதுதான்.

ஆயில் விளக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம். சுவிட்சைக் கழற்றி அங்கே ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். சூடான எஞ்சினில் ஓட்டத்தின்போது 60 பிஎஸ்ஐ வரையும், ஐடிலில் 15-ம் காட்டினால் நல்ல நிலை. குறைந்தால் முதலில் பிளாக்கின் பின்பக்கம் குமிழ் வடிவ நட்டுக்குள் இருக்கும், ஆயில் அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வைக் கழற்றிப் பாருங்கள். வால்வில் அழுக்கு ஒட்டியிருந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தாலும் அழுத்தம் விழும். அது பத்து நிமிட வேலை. அதைப் பார்க்காமல் கிராங்கை (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) கழற்றியவர்கள் நிறையப் பேர்.

இதெல்லாம் பார்த்தும் ரிங், பேரிங் என்று உறுதியானால்தான் இறக்க வேண்டும். எங்கே வைத்து வேலை செய்வது என்பது சிங்கப்பூரில் பெரிய கேள்வி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினைப் பிரிக்க அனுமதி கிடையாது. சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் தெரிந்த ஒர்க்‌ஷாப் முதலாளியிடம் பேசி, இறக்க ஒரு நாள், ஏற்ற ஒரு நாள் என்று எஞ்சினைத் தூக்கும் ஹாய்ஸ்டோடு ஓர் இடத்தை வாடகைக்குக் கேளுங்கள். கழுவிச் சுத்தமான பாகங்களை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். புதிய வீடுகளில் இருக்கும் பாதுகாப்பறை இதற்கு நல்ல இடம்: தூசி இல்லை, பிள்ளைகள் கை வைக்க மாட்டார்கள். பெட்ரோலை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். கழிவு ஆயிலை ஒர்க்‌ஷாப்பின் பீப்பாயிலேயே ஊற்றிவிட்டு வாருங்கள். சாக்கடையில் விடுவது குற்றம். இங்கே மழைநீர் வடிகால்களில் பெரும்பாலானவை நீர்த்தேக்கத்துக்குத்தான் போகின்றன.

பிரிக்கும்போது நிதானம்தான் முக்கியம். புஷ்ராடு எட்டையும் ஓர் அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, எண் எழுதி, வரிசையாகக் குத்தி வையுங்கள். டேப்பட் (கேம் தண்டு தள்ளும்போது புஷ்ராடைத் தூக்கும் உருளை) எட்டையும் பிளாக் பக்கவாட்டு மூடிகளைத் திறந்து எடுக்கலாம். அவற்றுக்கும் அதே போல் எண் போடுங்கள். கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் ஒரு ஜோடி, எந்தக் காரணத்துக்காகவும் மாறக் கூடாது. ராடின் பிக் எண்ட் (கிராங்கைப் பிடிக்கும் பெரிய முனை) நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கும். எந்தச் சிலிண்டரில் எந்தப் பக்கம் தள்ளியிருந்தது என்று கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

இப்போது காசு செலவில்லாத ஒரு துப்பறிதல். பழைய பேரிங் ஷெல்லை (கிராங்கைத் தாங்கும் அரைவட்ட உலோகத் தகடு) எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முதுகில் 'எஸ்டிடி' என்றோ, 010, 020 என்றோ பொறித்திருக்கும். எஸ்டிடி என்றால் கிராங்கை இதுவரை யாரும் கிரைண்ட் செய்யவில்லை. 020 என்றால் ஏற்கெனவே 20 தௌ இறக்கிவிட்டார்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தௌ. லேத் கடை அங்கிள்கள் இன்றும் பழைய பிரிட்டிஷ் எஞ்சினுக்கு இந்தக் கணக்கில்தான் பேசுவார்கள். பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டினால் அதே போல, போரை எத்தனை தௌ அகலப்படுத்தியிருக்கிறார்கள் என்று காட்டும் +20, +40 என்ற எண் தெரியும். இந்த எஞ்சினுக்கு +60 வரை பிஸ்டன் கிடைக்கும். ஏற்கெனவே +60 போட்ட பிளாக் என்றால் மேலும் போர் செய்வதை மறந்துவிட்டு, ஸ்லீவ் (போருக்குள் செருகும் குழாய்) போடுவதைப் பற்றிக் கடையில் பேசுங்கள். வேறு பிளாக் வாங்கலாம் என்று தோன்றும். எஞ்சின் எண் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் இருப்பதால், அதற்கு முன் ஆணையத்திடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஷெல்லின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் சீராக இருந்தால் நல்லது. செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் அதன் காலம் முடிந்தது. ஐடிலில் விளக்கு மினுக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்தது மைக்ரோமீட்டர். 1 முதல் 2 அங்குலம் அளக்கும் ஒன்றைக் கடன் வாங்கினால் போதும். ஜர்னல் என்பது பேரிங்கில் சுழலும் கிராங்கின் வழவழப்பான பகுதி. இந்த 1098 கிராங்கில் மெயின் ஜர்னல் புதிதாக 1.7505 முதல் 1.7510 அங்குலம், பிக் எண்ட் 1.6254 முதல் 1.6259 அங்குலம். ஒவ்வொரு ஜர்னலையும் நான்கு இடத்தில் அளந்து எழுதுங்கள். ஒரே ஜர்னலில் ஒரு பக்கம் குறைந்தும் மறுபக்கம் கூடியும் இருந்தால் அது முட்டை வடிவமாகிவிட்டது, கிரைண்ட் செய்யத்தான் வேண்டும். அளவு சரியாக இருந்து, நகத்தால் இழுத்தால் மாட்டாத அளவுக்கு மேற்பரப்பு மென்மையாக இருந்தால் பாலிஷ் மட்டும் போதும். அங்கே மிச்சமாகும் பணத்தை ஹெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போரை மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். புதிய அளவு 64.58 மி.மீ. மேல் விளிம்பில் விரல் நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு மேடு இருக்கும். ரிங் எட்டாத இடம் அது, அதனால் தேயாமல் நிற்கிறது. மேட்டுக்குக் கீழே தேய்மானம் 6 தௌவைத் தாண்டினால் ரீபோர் செய்வதே நல்லது. அதற்குள் இருந்தால் மேட்டைச் சீவி, ஹோன் செய்து (கல்லால் தேய்த்து நுண்கீறல் போட்டு), புது ரிங் போட்டு இன்னும் பல ஆண்டு ஓட்டலாம். மேட்டைச் சீவாமல் புது ரிங் போட்டால், கூர்மையான புது மேல் ரிங் அந்த மேட்டில் மோதி முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே உடையும். மறுபடி நீலப் புகை, இந்த முறை கீறல் விழுந்த போரோடு.

பட்ஜெட்டைப் பற்றி என் கணிப்பு இது: கையில் உள்ளதில் பாதி லேத் கடைக்கு, மூன்றில் ஒரு பங்கு பாகங்களுக்கு, மிச்சம் ஹாய்ஸ்ட் வாடகை, ஆயில், எதிர்பாராத செலவு. குரோம் ராக்கர் கவர், இரட்டை கார்புரேட்டர், பெயின்ட் எல்லாம் எஞ்சின் ஓடிய பிறகு. இரட்டை வரிசை டைமிங் செயினும் அப்படித்தான். சாதாரணமாக ஓட்டும் வண்டிக்குப் புதிய ஒற்றை வரிசைச் செயின் தாராளமாகப் போதும். பணத்தைப் பிடிக்கக் கூடாத இடங்கள் என்று நான் சொல்வது நான்கு: கிராங்க் விரிசல் சோதனை, பிளாக் சுத்தம், ஆயில் பம்ப், எக்ஸாஸ்ட் வால்வு சீட்.

விரிசல் சோதனை ஏன் என்றால், 1098-ன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 83.72 மி.மீ., கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். அறுபது வயதான இரும்பு அது. கிரைண்ட் செய்யக் காசு கொடுப்பதற்கு முன் காந்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள், பிறகு செய்தால் பயனில்லை. கிரைண்ட் செய்பவரிடம் ஜர்னல் ஓரத்தில் இருக்கும் வளைவை அப்படியே விடச் சொல்லுங்கள். அந்த மூலையைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் கிராங்க் உடைவது அங்கேதான் தொடங்கும்.

லேத் கடைக்குப் பிளாக்கைக் கொடுக்கும்போது புது பிஸ்டனும் கூடவே போக வேண்டும். ஒவ்வொரு கம்பெனி பிஸ்டனுக்கும் இடைவெளி வேறு. பிஸ்டனைக் கையில் வைத்து அளந்துதான் போர் செய்ய வேண்டும். 'பிளஸ் 20 போடுங்கள்' என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால் அந்த எண்ணுக்குப் போர் செய்து வைத்திருப்பார்கள், பிஸ்டன் இறுகும். மலேசிய எல்லைக்கு அப்பால் ஜொகூர் பாருவில் விலை குறைவு என்று கொண்டுபோகிறவர்கள் உண்டு. வேலை தரமாகவே இருக்கலாம். ஆனால் ஓர் அளவு தவறினால் கனமான பிளாக்கோடு மறுபடி பாலத்தைக் கடக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது பிளாக் சுத்தம். இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புது பேரிங் ஆயிரம் கிலோமீட்டரில் போவதற்கு முதன்மையான காரணம் ஆயில் வழியில் ஒளிந்திருக்கும் உலோகத் தூள். ஆயில் கேலரியின் முனைகளில் பித்தளை அடைப்புகள் இருக்கும். அவற்றைத் துளையிட்டு எடுத்துவிட்டு, துப்பாக்கிக் குழாய் துடைக்கும் மாதிரி நீளப் பிரஷ்ஷால் உள்ளே தேய்க்க வேண்டும். கிராங்கின் ஆயில் துளைகளையும் அப்படியே. காற்று ஊதினால் மட்டும் போகாது, அரை நூற்றாண்டு ஆயில் கரி பிசினாக ஒட்டியிருக்கும்.

பிளாக்கின் தண்ணீர் வழித் துளைகளை அடைக்கும் வெல்ஷ் பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். அவற்றின் பின்னால், முக்கியமாக 4-வது சிலிண்டரைச் சுற்றி, செந்நிறச் சேறு கெட்டியாக உட்கார்ந்திருக்கும். 'நம்ம ஊரில் பனியா விழுகிறது, கூலண்ட் எதற்கு' என்று வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றியதன் விளைவு அது. கூலண்ட்டின் இன்னொரு வேலை துரு பிடிக்காமல் காப்பது. உள்ளே சேறு இருக்கும்வரை ரேடியேட்டரை மாற்றினாலும் எஞ்சின் பான் தீவு விரைவுச்சாலை நெரிசலில் கொதிக்கத்தான் செய்யும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இங்கே பழைய பழக்கம். எறியாதீர்கள். வெப்ப நாடுகளுக்கென்று 74 டிகிரி தெர்மோஸ்டாட் கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

கடையிலிருந்து பிளாக் வந்த அன்று வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். ஹோன் செய்த போரை வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்க்க வேண்டும். பெட்ரோலால் துடைத்தால் ஆயில் போகும், கல் தூள் கீறலுக்குள்ளேயே தங்கும். தேய்த்து, அலசி, ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயில் தொட்டுப் போருக்குள் சுழற்றி எடுத்துப் பாருங்கள். சாம்பல் கறை வந்தால் இன்னும் தூள் இருக்கிறது, மறுபடி சோப்பு. நான்கைந்து முறை ஆகலாம். துணி வெள்ளையாகவே திரும்பும்போதுதான் முடிந்தது. உடனே, காயவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம் என்று நினைக்காமல், எல்லாப் பரப்பிலும் ஆயில் தடவுங்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் கழுவிய போர் கண்ணெதிரே செம்மஞ்சள் பூக்கும். தடவியபின் பெரிய குப்பைப் பையால் மூடிக் கட்டிவிடுங்கள்.

ஹெட்டுக்கு வருவோம். சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998-ல் முடிந்தது. ஈயம் வால்வு சீட்டுக்கு மெத்தை மாதிரி இருந்தது. அது இல்லாமல் பழைய இரும்பு சீட்டில் சூடான எக்ஸாஸ்ட் வால்வு அடித்துக்கொண்டே இருந்தால் சீட் உள்ளே இறங்கும், டேப்பட் இடைவெளி தானாகக் குறையும், கடைசியில் வால்வு மூடாமல் கருகும். அதற்குக் கடினமான சீட் வளையம் பதிக்க வேண்டும். பணம் குறைவாக இருப்பதால் எக்ஸாஸ்ட் நான்குக்கு மட்டும் பதியுங்கள். உள்ளே வரும் குளிர்ந்த கலவை இன்டேக் சீட்டைக் காப்பாற்றுகிறது. முன்னாலிருந்து வால்வு வரிசை: எக்ஸாஸ்ட், இன்டேக், இன்டேக், எக்ஸாஸ்ட், எக்ஸாஸ்ட், இன்டேக், இன்டேக், எக்ஸாஸ்ட். கடைக்காரரிடம் சாக்பீஸால் குறித்துக் கொடுங்கள். காலைப் புகைக்குக் கைடுதான் காரணம் என்றால் எட்டையும் மாற்றுங்கள். கைடை மாற்றிய பிறகுதான் சீட் வெட்ட வேண்டும், முறை மாறினால் வால்வு மையத்தில் உட்காராது.

கேமும் டேப்பட்டும் ஜோடி. டேப்பட் அடிப்பக்கம் குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். கேம் மூக்கு தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். புது கேமில் பழைய டேப்பட் போட்டால் கேம் சீக்கிரமே மழுங்கிவிடும்.

பூட்டும்போது மெயின் ஷெல்லைப் போட்டு, நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து, கேப்பை முழு டார்க்கில் இறுக்கிப் பிரித்து அளங்கள். இடையில் கிராங்கைச் சுற்றக் கூடாது. மெயினில் 0.025 முதல் 0.068 மி.மீ., பிக் எண்டில் 0.025 முதல் 0.063 மி.மீ. இடைவெளி வர வேண்டும். நடு மெயினின் இருபக்கமும் த்ரஸ்ட் வாஷர்கள், அவற்றின் ஆயில் காடி கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஆயில் போகாமல் தேயும். முன்னும் பின்னும் கிராங்க் ஆட்டம் 0.05 முதல் 0.08 மி.மீ. ரிங்கை ஒவ்வொன்றாகப் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள்: 0.18 முதல் 0.30 மி.மீ. குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும், மெல்லிய அரத்தால் ஒரு முனையை மட்டும் தேய்த்துச் சரிசெய்யலாம்.

டார்க் அளவுகள்: மெயின் கேப் 81 நியூட்டன் மீட்டர், பிக் எண்ட் 47, ஹெட் நட் 54, ராக்கர் ஷாஃப்ட் நட் 33. பூட்டு வாஷர்கள் எல்லாம் புதியவை. டைமிங் செயின் போடும்போது இரண்டு பல்சக்கரத்திலும் இருக்கும் புள்ளிகள் நேருக்கு நேர் பார்க்க வேண்டும்.

ஹெட்டை வைப்பதற்கு முன் ஸ்டட் துளைகளின் வாயைத் தடவிப் பாருங்கள். பல முறை இறுக்கியதில் அங்கே இரும்பு எழும்பி ஒரு சிறு மேடு இருக்கும். ஸ்டட்டைக் கழற்றி, துளை வாயைக் கொஞ்சம் சரிவாகச் சீவுங்கள். இதைச் செய்யாததால்தான் புது கேஸ்கட் மறுபடி மறுபடி போகிறது. தண்ணீர்ப் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள குட்டி பைபாஸ் குழாயையும் இப்போதே மாற்றுங்கள். ஹெட் ஏறியபின் விரல் நுழையாத இடம் அது. பிறகு நடுவிலிருந்து வெளியே, 20, 35, 54 என்று மூன்று கட்டமாக இறுக்குங்கள்.

வால்வு இடைவெளி 0.30 மி.மீ., எஞ்சின் ஆறியிருக்கும்போது. ஒன்பது கணக்கை நினைவில் வையுங்கள்: 8-வது வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது 1-ஐச் சரிசெய்யுங்கள், 6 அமுங்கும்போது 3, 4 அமுங்கும்போது 5. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 9.

ஆயில் 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்க்கை உள்ளது. இக்காலக் கார்களுக்கான மெல்லிய ஆயிலை ஊற்றாதீர்கள், இந்தக் கேமுக்கு அது போதாது. முதல் முறை கிளப்புவதற்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். புது கேம் போட்டிருந்தால், கிளம்பியதும் ஐடிலில் விடாமல் 2000 சுற்றில் 20 நிமிடம் ஓட்டுங்கள். கேமுக்கு ஆயில் தெறிப்பது கிராங்கின் வேகத்தால்தான். பின்பக்கம் சில சொட்டு ஆயில் விழுந்தால் பதற வேண்டாம். இந்த எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, திருகு வெட்டுதான் ஆயிலை உள்ளே தள்ளுகிறது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டி பழம்பெரும் வாகனத் திட்டத்தில் இருந்தால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் இறக்கலாம். அந்த நாள்களை இதற்காகச் சேர்த்து வையுங்கள். ரிங் படிய வேண்டுமென்றால் எஞ்சினுக்கு மாறி மாறிச் சுமை வேண்டும், அதனால் லிம் சூ காங் சாலை மாதிரி நெரிசல் இல்லாத இடத்தில், மூன்றாம் கியரில் நிதானமாக அழுத்தி விடுவதும் விட்டுப் பிடிப்பதுமாக ஓட்டுங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, எஞ்சின் ஆறியதும் ஹெட் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்று தளர்த்தி மறுபடி 54-க்கு இறுக்கி, வால்வு இடைவெளியைப் பாருங்கள். ஹெட் இறங்கியிருப்பதால் இடைவெளி கொஞ்சம் குறைந்தே இருக்கும். மற்ற மாதங்களில் நிறுத்துமிடத்தில் ஐந்து நிமிடம் கிளப்பி அணைக்கும் பழக்கம் வேண்டாம். அந்தச் சூட்டில் நீராவி வெளியேறாமல் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் தங்கித் துருவாகும். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, மாதம் ஒருமுறை கையால் எஞ்சினைச் சுற்றி வைத்தால் போதும்.